கார் எப்போது கொதிக்கிறது?

நண்பகல் வெயிலில் ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் பள்ளி வேனில் போகும்போது நீங்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் ஒரு பழைய புரோட்டோன் சாகா நிற்கும். பானெட் திறந்திருக்கும். உள்ளிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பும். கையில் தண்ணீர்ப் போத்தலுடன் ஓட்டுநர் திகைத்து நிற்பார். உதவிக்கு வந்த நான்கு பேர் நான்கு காரணம் சொல்வார்கள். "பம்ப் போயிருக்கும் அண்ணே." "இல்ல, ரேடியேட்டர் அடைச்சிருக்கும்." "கேஸ்கெட் எரிஞ்சிருக்கும், பெரிய செலவு." "தண்ணி பார்த்தீங்களா, இல்லையா?"

நால்வரில் ஒருவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அனுபவமுள்ள பட்டறைக்காரர் இந்த நான்கில் எதையும் முதலில் சொல்ல மாட்டார். அவர் ஒரு கேள்வி கேட்பார்: "எப்போ சூடு ஏறுச்சு?" நெரிசலில் நின்றபோதா, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனபோதா, மலை ஏறியபோதா, காரைக் கிளப்பிய ஐந்தாவது நிமிடத்திலேயா? கருவி எதுவும் இல்லாமல், இந்த ஒரு கேள்வியாலேயே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம். ஏன் அப்படி என்று பார்ப்போம். படிவம் 4 இயற்பியலில் வெப்பம் பற்றிய பாடத்தைப் படித்தவர்களுக்கு இது எளிது. படிக்காதவர்களும் பின்தொடரலாம்.

முதலில், இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு சிறிய கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 6.3 லிட்டர் எரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மில்லியன் ஜூல் ஆற்றல் உண்டு. பெருக்கி, 3600 விநாடிகளால் வகுத்தால், விநாடிக்கு 56,000 ஜூல், அதாவது 56,000 வாட். இதில் சக்கரத்தைச் சுழற்றுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதமுள்ள சுமார் 18,000 வாட் வெப்பத்தைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்ட வேண்டும். உங்கள் வீட்டு மின்கெண்டி 2000 வாட் என்றால், ஒன்பது கெண்டிகள் ஒரே நேரத்தில் ஓயாமல் கொதிக்கும் வெப்பம் இது. அத்தனையையும் சுமப்பது வெறும் 5 லிட்டர் தண்ணீர்!

தண்ணீரின் தன் வெப்பக் கொள்ளளவு (மலாய்ப் பாடநூலில் முவாத்தான் ஹாபா தெந்து) 4200. அதாவது ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4200 ஜூல் வேண்டும். 5 கிலோவுக்கு 21,000 ஜூல். விநாடிக்கு 18,000 ஜூல் உள்ளே வருகிறது, ஒரு ஜூல்கூட வெளியே போகவில்லை என்றால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். இஞ்சினின் உலோகமும் வெப்பத்தில் பங்கு வாங்கிக்கொள்வதால் உண்மையில் இவ்வளவு விரைவாக ஏறாது. இருந்தாலும் சில நிமிடக் கதைதான். "அடுத்த பெட்ரோல் நிலையம் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இப்போது தண்ணீர் போகும் பாதை. பம்ப் தண்ணீரை இஞ்சினுக்குள் தள்ளுகிறது. சூடேறிய தண்ணீர் மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்கள், அவற்றுக்கிடையே காகிதம் போல் மெல்லிய தகடுகள். அவற்றின் ஊடே காற்று பாய்ந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆறிய தண்ணீர் கீழ்க்குழாய் வழியாக மறுபடியும் இஞ்சினுக்குப் போகிறது. இந்தப் பாதையின் வாசலில் தெர்மோஸ்டாட் என்ற ஒரு காவல்காரன் உண்டு. அவனைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் இந்தச் சுற்று ஏற்பாடே கிடையாது. 1886இல் கார்ல் பென்ஸ் செய்த காரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதால்தான் இஞ்சின் ஆறியது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு இரு மகன்களுடன் அந்தக் காரை ஓட்டிப்போனபோது, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. நம் சாலையோரச் சாகா ஓட்டுநருக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கேள்விக்கு வருவோம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வழியில் நெரிசலில் நிற்கும்போது முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது. இதன் பொருள் என்ன? தண்ணீர் சுற்றுகிறது, ரேடியேட்டரும் வேலை செய்கிறது. குறைவது காற்று மட்டும். ஓடும் காருக்கு எதிர்க்காற்று கிடைக்கிறது. நிற்கும் காருக்கு மின்விசிறிதான் காற்று. எனவே சந்தேகம் விசிறி மேல். விசிறியின் மோட்டார் கெட்டதா, அதை இயக்கச் சொல்லும் உணரியோ ரிலேயோ கெட்டதா என்பது அடுத்த கேள்வி. பல கார்களில் குளிர்சாதனத்தை முடுக்கினாலே விசிறி சுற்றும். அப்போது சுற்றுகிறது, ஆனால் சூடேறும்போது தானாகச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நலமாக இருக்கிறது. கட்டளைதான் வரவில்லை. (சில கார்களில் இரண்டு விசிறிகள் இருக்கும். எது சுற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) ஓர் எச்சரிக்கை: இஞ்சினை அணைத்த பிறகும் இந்த விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கலாம். எட்டி நின்று பாருங்கள், விரலை நீட்ட வேண்டாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஊருக்குள் ஒன்றுமில்லை, லாதார் நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் முள் எழும்புகிறது. இப்போது விசிறியைக் குறை சொல்லவே முடியாது, ஏனென்றால் அந்த வேகத்தில் அது தேவையே இல்லை. வேகம் கூடும்போது எரியும் பெட்ரோல் கூடுகிறது, வெப்பம் கூடுகிறது. அதைச் சுமக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறது. பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். கீழ்க்குழாய் பழசாகித் தளர்ந்து, பம்ப் உறிஞ்சும்போது உறிஞ்சுகுழல் போல ஒட்டிக்கொள்ளலாம். பத்தாங் காலி வழியாகக் கெந்திங் மலை ஏறும்போது மட்டும் கொதிக்கும் கார்களும் பெரும்பாலும் இந்த வகைதான். சமதரையான நம் கடலோரச் சாலையில் சபாக் பெர்ணம் வரை போய் வந்தாலும் வெளிப்படாத குறையை மலை காட்டிக்கொடுத்துவிடும்.

ரேடியேட்டர் வெளியிலும் அடைக்கும், உள்ளேயும் அடைக்கும். வெளி அடைப்பில் நம் வட்டாரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றுமுதல் இங்கே செம்பனையும், அதை ஏற்றிச் செல்ல செம்மண் சாலைகளும் பெருகின. குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போய்ப் பாருங்கள். அந்தச் செம்புழுதி ரேடியேட்டரின் தகடுகளுக்குள் புகும். எங்காவது எண்ணெய்க் கசிவு இருந்தால் அதோடு ஒட்டிக் கம்பளம் போலப் படியும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் ஆண்டுக்கு இருமுறை நெல் அறுவடை. அப்போது பறக்கும் பதரும் லாலாங் புல்லின் பஞ்சும் இதே வேலையைச் செய்யும். முன்பக்கம் குளிர்சாதனத்தின் கண்டென்சர் மறைத்துக்கொண்டிருப்பதால், பின்னால் இருக்கும் ரேடியேட்டர் அடைத்திருப்பது கண்ணுக்கே தெரியாது. இஞ்சின் ஆறிய பிறகு, இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்தால் அழுக்கு வந்த வழியே போகும். கார் கழுவும் கடையின் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் மூடிவிடும்.

உள் அடைப்புக்குக் காரணம் நாம் ஊற்றும் தண்ணீர். அவசரத்துக்குத் தோட்டக் கால்வாயில் மொண்டு ஊற்றுபவர்களை இங்கே பார்க்கலாம். வட சிலாங்கூரில் ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகளை ஒட்டியிருப்பது கரிச்சதுப்பு நிலம். அங்கிருந்து வரும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும், அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் மதிப்பு 4ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். ரேடியேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம். அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். கடலோரக் கிணற்று நீரில் உப்பு இருக்கும், அதிலுள்ள குளோரைடும் அதே படலத்தைத் துளைக்கும். அரிப்பில் வரும் துருவும் வண்டலும் மெல்லிய குழாய்களில் போய் உட்காரும். வேறு வழியே இல்லாதபோது எந்தத் தண்ணீரும் காரை வீடு சேர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் வீடு சேர்ந்ததும் அதை வடித்துக் கழுவிவிட வேண்டும்.

"நம் நாட்டில் பனியே பெய்யாது, பிறகு எதற்கு டீச்சர் கூலண்ட்?" என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தண்ணீர் உறைவதைத் தடுப்பது நமக்குத் தேவையில்லைதான். சொல்லப்போனால் வெப்பம் சுமப்பதில் வெறும் தண்ணீரே கூலண்ட் கலவையைவிடக் கெட்டிக்காரன். நமக்குக் கூலண்டில் முக்கியமானது அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள். கொதிநிலை சில டிகிரி உயர்வது கூடுதல் பலன். கிளைக்கால் இனிப்பானது, நஞ்சு. வடித்த கூலண்டைக் கால்வாயிலோ, பூனையும் நாயும் நக்கும் இடத்திலோ விடாதீர்கள்.

இனி அந்தக் காவல்காரன். தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறிய குப்பியில் மெழுகு இருக்கிறது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். 82 அல்லது 88 டிகிரியை நெருங்கும்போது (அளவு காருக்குக் கார் மாறும்) மெழுகு உருகி விரிந்து, தண்டைத் தள்ளிக் கதவைத் திறக்கும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. மெழுகு உருகினால் பருமன் கூடும் என்ற ஒரே ஒரு உண்மைதான் அதை இயக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த உதிரிப்பாகம் இது.

ஆனால் நம் ஊரில் இதற்கு மரியாதை குறைவு. "இது சூடான நாடு, தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று கழற்றிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கழற்றியதும் முள் இறங்கும், வாடிக்கையாளர் மகிழ்வார். ஆனால் இந்தக் காரணம் சரிதானா என்று யோசித்துப் பாருங்கள். வெளியே 33 டிகிரி. இஞ்சினுக்கு ஏற்ற வெப்பநிலை 90ஐ ஒட்டியது. நாடு எவ்வளவு சூடானாலும் இஞ்சினுக்கு அது குளிர்தான்! கதவில்லாத இஞ்சின் நெடுஞ்சாலையில் தேவைக்குக் கீழே குளிர்ந்தபடியே ஓடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கி, தேய்மானத்தைக் கூட்டும். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. அடைத்துக்கொண்டிருந்த ரேடியேட்டர்தான் உண்மைக் காரணம் என்றால், அது மறைந்துபோகிறது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து டெங்கியைக் கவனிக்காமல் விட்டது போல.

தெர்மோஸ்டாட் கெட்டு மூடியபடி சிக்கிக்கொள்வதும் உண்மைதான். அதற்கும் "எப்போது" என்ற கேள்வி உதவும். கிளப்பிய சில நிமிடங்களிலேயே, எந்த வேகத்திலும், முள் சரசரவென்று ஏறும். ஒரு குழாய் கொதிக்க, ரேடியேட்டரும் மற்றக் குழாயும் குளிர்ந்தே இருக்கும். தண்ணீர் வாசலைத் தாண்டவில்லை என்று பொருள். புதிதாகத் தண்ணீர் மாற்றிய காரில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலும் இதே அறிகுறி வரும். அதனால் பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் காற்றை வெளியேற்றிப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது என்றால் கேள்வி மாறும்: அது எங்கே போகிறது? காரின் அடியில் ஈரம் இருந்தால் குழாய், பம்ப், ரேடியேட்டர் என்று தேடலாம். தரை காய்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் குறைகிறது, காலையில் கிளப்பும்போது வெள்ளைப்புகை நெடுநேரம் வருகிறது, எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட். இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. இரவெல்லாம் ஆறிய காரைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களில் பெரியவர் ஒருவர் மேல்குழாயை அமுக்கிப் பார்க்கட்டும். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் குழாய் கல் போல் விறைத்திருக்கிறது. வெப்பநிலை ஏறாமல் அழுத்தம் மட்டும் எப்படி ஏறும்? வேறெங்கிருந்தோ வாயு உள்ளே நுழைந்தால்தான் ஏறும். அது சிலிண்டருக்குள் எரியும் வாயு.

இந்தக் கேஸ்கெட் ஏன் கெடுகிறது? பழைய சாகாவில் இஞ்சினின் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே அமர்ந்திருக்கும் ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட், வழக்கத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அலுமினியம் சுமார் 0.46 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 0.24 மட்டுமே. போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு துண்டுகள் வெவ்வேறு அளவு நீள முயன்றால் ஹெட் வளைந்துவிடும். 0.05 மில்லிமீட்டர் வளைவே பல இஞ்சின்களுக்கு அதிகம். சில பத்து ரிங்கிட் தெர்மோஸ்டாட்டில் முடிந்திருக்க வேண்டியது, இஞ்சினைப் பிரிக்கும் வேலையில் வந்து நிற்பது இப்படித்தான்.

ஏறிய முள் திடீரென்று தானாக விழுந்தால் நிம்மதி அடைய வேண்டாம். தண்ணீர் முழுவதும் வற்றி, உணரி வெறும் ஆவியில் நின்றாலும் முள் விழும். புதிய கார்கள் பலவற்றில் முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரிந்தால் தாமதம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

அப்பாவோ அம்மாவோ ஓட்டும்போது அப்படி ஆனால் என்ன செய்வது? குளிர்சாதனத்தை அணைக்கச் சொல்லுங்கள். அது இஞ்சினுக்குச் சுமை, அதன் கண்டென்சரும் ரேடியேட்டரின் முகத்திலேயே வெப்பத்தைக் கொட்டுகிறது. ஹீட்டரைப் போடுங்கள் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் தொடக்கூடாது.

ஏன் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்த மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைக்கிறது. பிரஷர் குக்கர் போல. அதனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120ஐ நெருங்கினால்தான் கொதிக்கும். உள்ளே 110 டிகிரியில் 5 லிட்டர் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. நீங்கள் மூடியைத் திருகுகிறீர்கள். அழுத்தம் விழுகிறது. அந்தத் தண்ணீர் இப்போது தன் கொதிநிலையைவிட 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கிறது. அந்தக் கூடுதல் வெப்பம், 5 × 4200 × 10 = 210,000 ஜூல், ஒரே கணத்தில் தண்ணீரை ஆவியாக்கும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,260,000 ஜூல் வேண்டும் என்பதால், ஆவியாவது சுமார் 90 கிராம் மட்டுமே. ஒரு சிறிய கிண்ணம் தண்ணீர். ஆனால் அந்த 90 கிராம் ஆவி 150 லிட்டர் இடத்தைப் பிடிக்கும், மீதித் தண்ணீரையும் தன்னோடு வாரிக்கொண்டு, மூடியைத் திறந்தவரின் முகத்தை நோக்கிப் பாயும்.

காத்திருந்து, மேல்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் நிலை வந்த பிறகு, தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, பெரியவர் ஒருவர் மெதுவாகத் திறக்கலாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் சூடான உலோகம் விரிசல் விடும்.

தெர்மோஸ்டாட்டை மட்டும் நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். பட்டறையில் கழற்றிப்போட்ட பழையது ஒன்று கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். கழுவி, அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அதை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். ஆய்வகத் தெர்மோமீட்டரையும் அதேபோல் தொங்கவிட்டு, ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருக்க, மெதுவாகச் சூடேற்றுங்கள். கதவு முதலில் அசையும் வெப்பநிலை, முழுதாகத் திறக்கும் வெப்பநிலை, அடுப்பை அணைத்த பின் அது மூடும் வெப்பநிலை என மூன்றையும் எழுதுங்கள். மூடும் வெப்பநிலை, திறக்கும் வெப்பநிலையைவிடச் சில டிகிரி குறைவாக இருப்பதைக் காண்பீர்கள். அது ஏன் என்று யோசித்து எழுதி வையுங்கள்.